ஜெயபாய் போட்ட துளசி மாலை

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் அந்த முதியோர் இல்லத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. பலகையில் அன்பு, கருணை, நிழல் என்ற மூன்று சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். மூன்றும் பலகையிலேயே தங்கிவிட்டன. கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அங்கே எட்டு வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவள் ஜெயபாய். வயது நாற்பத்தேழு. அதற்கு முன்னால் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுருட்டுகிற கம்பெனியில் இருந்தாள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருடைய புண்ணில் அவள் சுருட்டிய துணி சுற்றியிருக்கும். பஞ்சுத் தூசி நெஞ்சைப் பிடித்து, புருஷனும் தவறிப்போன வருஷத்தில், கிழடுகட்டைகளைக் குளிப்பாட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, தலைசீவி முடிக்க அவளுக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இல்லத்தில் சமையலறை உண்டு. அடுப்பு எரிவதுதான் அபூர்வம். பிறந்த நாள், கல்யாண நாள், செத்த நாள் என்று எவராவது வந்து சோறு போடுவதாக முன்பதிவு செய்துவிடுவார்கள். வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. காலைத் தேநீர், டிபன், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று கட்டம் போட்டு, அதில் சோறு போடுகிறவர் பெயரும் விசேஷமும் எழுதியிருக்கும். ஆள் மாட்டாத நாளில் கஞ்சி. அமாவாசையில் மூன்று குடும்பம் மோதிக்கொண்டு மூன்று தடவை மத்தியானச் சாப்பாடு நடக்கும். முதல் பந்தியில் வயிறு நிறைந்தவரை இரண்டாம் பந்தியிலும் உட்காரவைப்பார்கள். சோறு போட்டவர் போட்டோ எடுக்க வேண்டுமே.

வருகிறவர் எவரும் இனிப்பில்லாமல் வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பால்கோவா இல்லாமல் வந்தால் அது மரியாதையா? முப்பத்தெட்டு முதியோரில் பத்தொன்பது பேருக்குச் சர்க்கரை. அந்தப் பத்தொன்பது பேருக்கும் தனி உணவு என்று சுவரில் அட்டவணை தொங்கியது. ரத்தச் சர்க்கரை அளந்து எழுதுகிற நோட்டும் இருந்தது. அளக்கிற மெஷினுக்குப் பட்டை தீர்ந்து ஒரு வருஷமாகியிருந்தாலும் எழுதுவது நிற்கவில்லை. எல்லாருக்கும் எல்லா மாதமும் நூற்று நாற்பது.

எழுதியவள் நர்ஸ் பிரிஸ்கில்லா. அவளுடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் அலுவலக அறையில் தினமும் வேலை பார்த்தது. அவள் இராஜபாளையத்தில் வேறொரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மாதம் ஒரு தடவை வந்து முப்பது நாளுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டாள், அவ்வளவுதான்.

இந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் சங்கையா. எழுபத்திரண்டு வயது. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அண்ணன் மகன் கொண்டுவந்து விட்டுவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆடி மாதம் குளியலறையில் உடைந்து கிடந்த டைல்ஸ் அவருடைய வலது கால் விரலைக் கிழித்தது. சின்னக் காயம். நல்ல ரத்தமாக இருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். பாலும் சர்க்கரையும் ஓடுகிற ரத்தத்தில் எங்கே ஆறும்? ஆவணி முடிந்தும் கட்டு இருந்தது.

ஜெயபாய் முதலில் நேர்வழியில்தான் போனாள். பெயிண்டுக் கடை வேலுசாமி தாயாரின் திதிக்குப் பால்கோவாவோடு வந்த அன்று, சங்கையாவின் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இவியளுக்குச் சுகர் இருக்கு அண்ணாச்சி. கால்ல புண்ணு. டாக்டர் இனிப்பே ஆகாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காவ."

"ஒரு நாளைக்கிச் சாப்பிட்டா என்னம்மா ஆயிரும்?" என்றார் வேலுசாமி.

"உங்களுக்கு இது ஒரு நாளு. இவியளுக்குத் தெனமும் யாருக்காச்சும் ஒரு நாளாத்தான இருக்கு."

வேலுசாமியின் முகம் சுண்டிப்போனது. சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் ஜெயபாண்டி அவளை அறைக்குள் கூப்பிட்டார். எப்போதும் வெள்ளைச் சட்டை, மெதுவாகத்தான் பேசுவார். கத்துகிறவரிடமாவது திரும்பக் கத்தலாம். இவரிடம் அதுவும் முடியாது.

"ஏம்மா ஜெயபாய், டோனர் மனசு நோகக்கூடாதும்மா. அவிய மனசு நொந்தா இங்க அடுப்பெரியாது."

"இப்பமும் எரியலையே சார்."

அவர் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சங்கையாவின் கால் ஒரு விஷயமே இல்லை என்று யாருக்கும் தோன்றிவிடும். ஜெயபாய்க்குத் தோன்றவில்லை.

புரட்டாசி பிறந்த முதல் நாள் ஒருவர் மகனின் பிறந்த நாளுக்குக் கோழி பிரியாணி கொண்டுவந்தார். மேனேஜருக்கும் ஒரு தட்டு நீட்டினார். ஜெயபாண்டி தட்டைத் தொடாமல் கையெடுத்துக் கும்பிட்டு, "புரட்டாசி" என்றார். ஒரே ஒரு சொல். பிரியாணிக்காரர் பதறிப்போய், தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஜெயபாய் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். டாக்டர் சீட்டுக்கு இல்லாத மரியாதை பெருமாளுக்கு இருக்கிறது.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் அவள். ஆனாலும் நாலாம் நாள், மகாளய அமாவாசைக் காலையில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் ஒரு துளசி மணி மாலையும் மஞ்சள் துண்டும் வாங்கிக்கொண்டு வந்து சங்கையாவின் கட்டிலருகே நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க இன்னையிலருந்து விரதம்."

"எந்தச் சாமிக்குத் தாயி?"

"பெருமாளுக்கு. ஒரு மண்டலம் நாக்குல இனிப்புப் படக்கூடாது. யாரு கேட்டாலும் வாயத் தெறக்காதிய, மௌன விரதம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

சங்கையா மாலையைத் தொட்டுப் பார்த்தார். "நான் மில்லுல யூனியன்ல இருந்தவன். சாமி இல்லன்னு கூட்டத்துல பேசுனவன்."

"சாமி ஒண்ணும் கோவிக்காது. காலு வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க."

அவர் கழுத்தை நீட்டினார்.

அன்றைக்கு மூன்று பந்தி. பாயசம், அதிரசம், பால்கோவா. இரண்டாம் பந்தியில் ஒரு தெலுங்கம்மா "தினு நாயனா" என்று வாயருகே ஊட்டவே வந்துவிட்டாள். ஜெயபாய் அவள் காதில் விரதம் என்று சொன்னதும், கையைப் பின்னுக்கு இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எவரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பத்தொன்பது பேருக்கும் மாலை போட ஜெயபாய்க்கு ஆசைதான். ஒரே நாளில் பத்தொன்பது பேருக்குப் பக்தி வந்தால் ஜெயபாண்டிக்குச் சந்தேகம் வருமே என்று மற்றவர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டாள்.

அந்தப் பிறகு வரவே இல்லை. வேலுசாமி வந்தார், சங்கையாவைப் பார்த்தார், வெள்ளைத் தாடியையும் துளசி மாலையையும் பேசாத வாயையும் பார்த்துவிட்டுப் பொத்தென்று காலில் விழுந்தார். மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த அவருடைய இடத்துப் பத்திரம் அடுத்த புதன்கிழமை பதிவானது. அவ்வளவுதான். ஒரே வாரத்தில் சங்கையா மௌனசாமி ஆகிவிட்டார். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. வெள்ளைப் பலகையில் ஜெயபாண்டி புதிதாக ஒரு கட்டம் போட்டார்: பாத பூஜை.

கட்டுப் போட்ட காலைக் கழுவ முடியாதே என்று எவரும் யோசித்துத் தயங்க வேண்டியதில்லை. அதற்கும் ஜெயபாண்டி வழி வைத்திருந்தார். வலது காலைப் பட்டுத் துணியால் மூடிவிட்டு, சாமி ஒற்றைப் பாதம்தான் கொடுப்பார் என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் அதையும் ஒரு மகிமையாக எடுத்துக்கொண்டார்கள். இடது காலுக்குப் பாலும் பன்னீரும். வலது கால் பட்டுக்குள்ளே அழுகியது.

குளிப்பாட்டுகிறவளுக்குத் தெரியாதா? புரட்டாசி இரண்டாம் வாரம் கட்டிலிருந்து நாற்றம் எழுந்தது. சாம்பிராணி போட்டும் அடங்கவில்லை. ஜெயபாய் மேனேஜரிடம் போனாள்.

"சார், கட்டப் பிரிச்சுப் பாக்கணும். இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கட்டுப் பிரிக்கிறது நர்ஸ் வேலைம்மா. ஆயா தொடக்கூடாது, ரூல்ஸ் இருக்கு."

"நர்ஸம்மா வர இன்னும் பதினஞ்சு நாளு கெடக்கு."

"அடுத்த வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்ஷன். லைசென்சு புதுப்பிக்கணும். இந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனா நூறு கேள்வி வரும். அது முடியட்டும், பொறவு பாப்போம்."

விதிகளை எழுதியவர்கள் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்த இல்லத்தில் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான். ஜெயபாய் வெளியே வந்து துணி துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து அழுதாள். சத்திரப்பட்டியில் எத்தனை ஆயிரம் கட்டுத்துணி சுருட்டியிருப்பாள். ஒரு கட்டைப் பிரிக்க அவளுக்கு உரிமையில்லை. மாலை போட்டு அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, பட்டுத் துணிக்குள்ளே அவர் காலை ஒளித்துவைக்கத் தானே வழி செய்து கொடுத்துவிட்டோம் என்பதுதான் அவளை அதிகமாக அறுத்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். இல்லம் பினாயிலில் மணத்தது. பிரிஸ்கில்லாவும் வந்திருந்தாள், சான்றிதழில் இருக்கிற அதே முகத்தோடு. அதிகாரியம்மா நோட்டுகளைப் பார்த்தார். உணவு நோட்டு, எடை நோட்டு, மருத்துவர் வருகை நோட்டு, நூற்று நாற்பது நோட்டு. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். முதியோரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டே இவ்வளவு தெளிவாகப் பேசும்போது மனுஷரிடம் என்ன கேட்பது?

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "இங்க ஒரு சாமி இருக்காராமே?" என்றார். மதுரைக்கு மாற்றல் கேட்டு இரண்டு வருஷமாக அலைகிறாராம். ஜெயபாண்டிக்கு வாயெல்லாம் பல்லாயிற்று. பூஜைத் தாம்பாளத்தை எடுத்துவரச் சொல்லி ஜெயபாயை அனுப்பினார்.

அவள் தாம்பாளத்தோடு வெந்நீரும் எடுத்துக்கொண்டு முதலில் சங்கையாவின் காதருகே குனிந்தாள். "அண்ணாச்சி, இன்னைக்கிக் கட்டப் பிரிச்சுருதேன். வலிக்கும்."

அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, தரையில் மண்டியிட்டார். ஜெயபாண்டி இடது காலைத் தாம்பாளத்தில் எடுத்துவைக்கக் குனிந்தார். அதற்குள் ஜெயபாய் பட்டுத் துணியை உருவினாள்.

"அம்மா, இந்தக் காலுதான் விசேஷம்."

பதினைந்து வருஷம் துணி சுருட்டிய கை. ஜெயபாண்டி "ஏம்மா" என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் வெந்நீரை ஊற்றிக் கட்டைப் பாதிக்கு மேல் அவிழ்த்துவிட்டாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. சங்கையா மௌன விரதத்தைக் கலைத்து ஒரு சத்தம் போட்டார். அதிகாரியம்மா கண்ணைத் திறந்தார். ஒரு சாண் தூரத்தில் இரண்டு விரல் கரியாக இருந்தன. அவற்றுக்கு நடுவே ஏதோ நெளிந்தது.

நாலு வருஷத்தில் மேலே இருந்து வந்த ஓர் ஆள் சங்கையாவின் காலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் மதுரைக்கு மாற்றல் வேண்டும் என்பதற்காக.

ஆம்புலன்ஸ் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே இரண்டு விரலையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்கால் வரைக்கும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். முழங்கால் தப்பியது. வார்டு வாசலில் நின்றுகொண்டு ஜெயபாய் அன்றைக்கு அழுதது சந்தோஷத்திலா ஆத்திரத்திலா என்று அவளுக்கே தெரியாது.

இனிமேல் இல்லத்துக்குப் பூட்டுத்தான் என்று அவள் நம்பினாள். பாவம், எட்டு வருஷம் உள்ளே இருந்தும் அவளுக்கு நம்புகிற பழக்கம் போகவில்லை. பத்தாம் நாள் அதிகாரியம்மாவின் அறிக்கை வந்தது. ஜெயபாண்டி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். பதிவேடுகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன. வளாகம் சுத்தமாக உள்ளது. பணியாளர் ஜெயபாய் என்பவர் அனுமதியின்றி முதியவர் ஒருவரைக் கொண்டு மதச் சடங்கு நடத்தியதாலும், மருத்துவத் தகுதியின்றிக் கட்டுப் பிரித்ததாலும் அவரை நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. உரிமம் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. கடைசியில் ஒரு அறிவுரை: பார்வையாளர் வரும் நேரங்களில் முதியோர் அனைவரும் காலுறை அணிந்திருக்க வேண்டும்.

"அந்தப் பாத பூஜைக் கட்டம் போட்டது யாரு சார்?" என்றாள்.

"அதான் அழிச்சுட்டோம்லம்மா."

காலுறைக்கு ஆள் கிடைக்காமலா போகும்? பெயிண்டுக் கடை வேலுசாமி முப்பத்தெட்டு ஜோடி வாங்கிக் கொடுத்து, எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். நீலக் கலர். நல்ல கனம். வேனல் அடிக்கிற ஊரில் பகல் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். யாருடைய காலில் என்ன இருக்கிறது என்று இனி எவரும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் போட்டோவைப் பிரிஸ்கில்லா ஜெயபாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. ஜெயபாய் ஆஸ்பத்திரி வார்டில் சங்கையாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தவள், நீலக் கால்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மிச்சம் பதினெட்டுச் சர்க்கரைக்காரர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள்.

வேலையிலிருந்து நீக்கப்பட்டவளை வாட்ச்மேன் கேட்டுக்குள் விடமாட்டான். யாரை விடுவான் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் பிரிஸ்கில்லாவை விட்டு இல்லத்துக்குப் போன் செய்யச் சொல்லி, ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு நாள் காலைத் தேநீருக்குப் பதிவு செய்தாள். இருப்பதில் சிறிய கட்டம் அது. டோனர் பெயர் ஜே. பாய் என்று பலகையில் ஏறியது. பிரிஸ்கில்லா மறுக்காமல் போன் செய்தாள். அவளால் முடிந்தது அது.

அன்று காலை ஏழு மணிக்கு ஜெயபாய் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சர்ச்சுக்கு உடுத்துகிற சேலை. ஒரு கேன் தேநீர், ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு கட்டுத் துண்டு. கூடவே ஒரு பெரிய பிளாஸ்க்கில் வெந்நீர். வாட்ச்மேன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கேட்டைத் திறந்தான். டோனரை நிறுத்த அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஜெயபாண்டி அலுவலகத்திலிருந்து வந்தவர் அவளைக் கண்டதும் அப்படியே நின்றார். அதற்குள் அவள் முப்பத்தேழு பேருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தாள். சர்க்கரை போடாத தேநீர்.

"நீ இங்க வரக்கூடாதும்மா."

"ஆயாதான் சார் வரக்கூடாது. நான் டோனர். பலகையில பாருங்க." அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் காட்டினாள். "விசேஷம்கிற எடம் காலியாக் கெடக்கு. எழுதுங்க. பதினாறாம் நாளு."

"யாரு தவறிட்டாவ?"

"சங்கையா அண்ணாச்சியோட வலது கால் வெரலு ரெண்டு."

ஜெயபாண்டி பேனாவை எடுக்கவில்லை. ஜெயபாய் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பேசினில் வெந்நீரை ஊற்றி, பதமாக இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துவிட்டு, முதல் கட்டிலில் இருந்த கருத்தையாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவருக்குக் கண் மங்கல். யார் என்று தெரியாமலே காலை நீட்டினார். இடது காலுறை எளிதாகக் கழன்று வந்தது. வலது காலுறை பாதி வரைக்கும் வந்தது, பிறகு வரவில்லை. குதிகாலோடு ஒட்டியிருந்தது.

அவள் அதை இழுக்கவில்லை. காலைத் துணியோடு வெந்நீருக்குள் மெதுவாக இறக்கிவைத்தாள். தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியது.

"சார், டோனருக்குப் போட்டோ எடுத்துக் குடுக்கணும்ல," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "இங்கன வந்து குனிஞ்சு எடுங்க."